ஏர் அவிழ்க்கும் நேரம்



திருப்பரங்குன்றத்தை ஒட்டி ஹார்விபட்டி இருக்கிறது. இன்று அது மதுரை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மதுரா மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு அது. மில்லை நடத்திய ஹார்வி கம்பெனியின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. அதே கம்பெனிக்குத் தூத்துக்குடியில் கோரல் மில் இருந்தது. 1908 பிப்ரவரி 27 அன்று அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அந்தப் போராட்டத்தைச் சுதேசி இயக்கத்தின் ஓர் அத்தியாயமாக நினைவில் வைத்திருக்கிறோம். தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் என்பது அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. கூலியை உயர்த்தச் சொன்னார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாயிற்று. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார்.

மன அழுத்தத்தையும் பணிச்சோர்வையும் பதற்றத்தையும் பற்றிய சொற்பொழிவை வேலைநிறுத்தத்தில் தொடங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்தான் இருக்கிறது. மனிதரைக் கடும் உழைப்பு மட்டுமே முறிப்பதில்லை. முடிவு தெரியாத உழைப்புதான் முறிக்கிறது. இந்த நேரத்தில் வேலை முடியும், அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிட முடியாது என்ற உறுதி இருக்கும்வரை உடம்பும் மனமும் எவ்வளவோ தாங்கும். அந்த உறுதி போய்விட்டால் லேசான வேலையும் பாரமாகும். இந்த மதுரைச் சமவெளியில் மாட்டைக் கட்டி உழுத காலத்தில் விடியற்காலையில் ஏர் பூட்டினார்கள், வெயில் ஏறியதும் அவிழ்த்தார்கள். வயலில் உழவு பாக்கி இருந்தாலும் அவிழ்த்தார்கள். மாடு தளர்ந்து படுத்தால் எத்தனை நேரம் பூட்டினோம், தண்ணீர் காட்டினோமா என்றுதான் உழவர் முதலில் யோசித்தார். மாட்டுக்குக் கொடுத்த அந்த நியாயத்தை மனிதருக்குக் கொடுக்க நாம் ஏனோ தயங்குகிறோம். ஒருவர் வேலையில் சோர்ந்து விழுந்தால், அவருடைய மனத்தில் என்ன குறை என்று தேடத் தொடங்குகிறோம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு நிலைகளுக்கும் எழுதுகிறார்கள்: தேர்வுக்கு முந்திய நாளின் இறுக்கமும் மன அழுத்தம், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கும் நோயும் மன அழுத்தம். இதனால் இறுக்கத்தில் இருப்பவர் தன்னை நோயாளி என்று அஞ்சுகிறார். நோயாளியோ ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இரண்டாவது நிலைக்கு மனச்சோர்வு நோய் என்ற பெயரைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. முதலாவது நோயே அல்ல. 1936இல் ஹான்ஸ் செல்யே ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. குளிர், காயம், மிகையான உழைப்பு என்று தாக்குவது எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி எழுந்து நிற்கிறது, சில காலம் தாக்குப்பிடிக்கிறது, தாக்குதல் ஓயாவிட்டால் கடைசியில் ஓய்ந்துபோகிறது என்று எலிகளை வைத்து அவர் கண்டார். இதயம் வேகமாகத் துடிப்பதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் நம்மைக் காக்கும் ஏற்பாடுகள். அவை ஏறுவதால் கெடுதல் இல்லை, ஏறியது இறங்காமல் நிற்பதுதான் கெடுதல். புரூஸ் மெக்வென் 1990களில் இதை உடம்பில் சேரும் தேய்மானச் சுமை என்று விளக்கினார். நாள்தோறும் ஏறி இறங்கும் இதயம் தேய்வதில்லை. இறங்க நேரம் கிடைக்காத இதயம்தான் தேய்கிறது.

பணிச்சோர்வு இதிலிருந்து கிளைக்கிறது. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் உழைத்தவர்களைப் பார்த்து, 1974இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளப்பதற்கு ஓர் அளவுகோல் செய்தார். அவர் மூன்று கூறுகளைச் சொன்னார். மூன்றுக்கும் நம்மிடம் வீட்டுச் சொற்களே இருக்கின்றன. ஒன்று அசதி: தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இன்னொன்று சலிப்பு: நேற்றுவரை ஆசையாகச் செய்த வேலையின் மேலும், எதிரே வந்து நிற்கும் மனிதரின் மேலும் வரும் சலிப்பு. மூன்றாவது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்று கைவிட்டுப்போகும் நிலை. இந்த மூன்றில் நம் ஊரில் அசதிக்கு மட்டுமே இரக்கம் கிடைக்கிறது. சலித்துப்போன செவிலியரைத் திமிர் பிடித்தவர் என்கிறோம். பாடம் நடத்த மனம் இல்லாமல்போன ஆசிரியரைச் சம்பளத்துக்கு வருபவர் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப்பட்டியலின் புதிய பதிப்பில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது அதை நோய் என்று எழுதவில்லை. சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு, பணியைச் சார்ந்த நிகழ்வு என்று எழுதியது. நோய் என்று எழுதியிருந்தால் சிகிச்சை தொழிலாளிக்கு. பணியைச் சார்ந்தது என்று எழுதியதால் முதலில் சோதனை செய்ய வேண்டியது பணியிடத்தை.

பதற்றம் வேறு. அது வரப்போவதைப் பற்றியது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வரையறுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் இன்றைய நகரவாசிக்கு அவ்வளவாக எதிர்ப்படுவதில்லை. நான்காவது அன்றாடம் எதிர்ப்படுகிறது. தன்மேல் அதிகாரம் உள்ளவர் என்ன சொல்லப்போகிறார், எப்போது கூப்பிடப்போகிறார், எதற்குக் கோபிக்கப்போகிறார் என்ற எதிர்பார்ப்பில் பிறக்கும் அச்சத்தை இலக்கணம் தனியே எண்ணி வைத்திருக்கிறது. விலங்கு போய்விட்டால் அச்சம் போய்விடும். இறைமேல் உள்ள அச்சம் வீட்டுக்கும் கூடவே வருகிறது. கைப்பேசி வந்த பிறகு அது தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது.

பிறர் பிடியில் இருக்கும் வேலை உடம்பைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. லண்டனில் 1967இல் தொடங்கி, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த ஏறத்தாழ 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வைட்ஹால் ஆய்வு என்று பெயர்பெற்றது. மேலதிகாரிகளுக்குப் பொறுப்பு அதிகம், எனவே மாரடைப்பும் அவர்களுக்கே அதிகம் என்பது அப்போதைய நம்பிக்கை. முடிவு நேர்மாறாக வந்தது. கடைநிலை ஊழியர்களிடையே இதயநோய் மரணம் உயர்நிலை அதிகாரிகளிடையே இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாட்டில் கணிசமான பகுதி மிஞ்சியது. மைக்கேல் மார்மட் குழுவினர் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்ந்தார்கள். மிஞ்சிய பகுதியின் காரணங்களில் ஒன்று அதில் துலங்கியது: தன் வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதுதான் அது. பிடி குறையக் குறைய நோய் கூடியது. இதைவிட எளிய சோதனை ஒன்றை அமெரிக்காவில் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் செய்து 1972இல் நூலாக வெளியிட்டார்கள். இரைச்சல் கேட்கும் அறையில் சிலருக்கு, ‘தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், இரைச்சல் நின்றுவிடும்’ என்று சொன்னார்கள். மற்றவர்களுக்குப் பொத்தான் இல்லை. பொத்தான் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. இருந்தும், இரைச்சலுக்குப் பின் கொடுத்த வேலைகளை அவர்கள் பொறுமையாக, பிழை குறைவாகச் செய்தார்கள். கேட்ட இரைச்சல் இரு தரப்புக்கும் ஒன்றுதான். நிறுத்த முடியும் என்ற நினைப்பு மட்டுமே வேறுபாடு. கோரல் மில் தொழிலாளி கேட்ட ஞாயிற்றுக்கிழமையும் அத்தகைய ஒரு பொத்தான்தான்.

‘அந்தக் காலத்தில் இதைவிட எவ்வளவோ உழைத்தார்கள், அவர்களுக்கு என்ன மன அழுத்தம் வந்தது?’ என்ற மறுப்பு இந்த மாவட்டத்தில் எந்தத் திண்ணையிலும் எழும். நேர்மையான கேள்வி அது. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அவர்கள் முறிந்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் வேறு. சாராயக் கடைக்குப் போனவர்களையும், நாற்பது வயதில் ‘திடீரென்று’ நெஞ்சுவலியில் போனவர்களையும், பேய் பிடித்ததாகச் சொல்லிக் கோவிலில் கட்டி வைக்கப்பட்டவர்களையும் யாரும் இந்தக் கணக்கில் எழுதவில்லை. ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் மாண்ட 28 பேர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். அந்தப் பழைய கணக்கின் ஒரு பக்கம் அன்றுதான் நாடறியத் திறந்தது. இரண்டாவது பதில் எனக்கு முக்கியமானது. அந்தக் கால வேலைக்கு அவிழ்க்கும் நேரம் இருந்தது. சூரியன் விழுந்தால் வயல் வேலை நின்றது. மில்லில் சங்கு ஊதினால் அடுத்த ஷிப்ட் ஆள் தறிக்கு வந்தார். வீடு வந்து சேர்ந்த தொழிலாளியைத் தறி பின்தொடரவில்லை. இன்று கணக்கு எழுதுபவர், வங்கி ஊழியர், மென்பொருள் எழுதுபவர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரின் வேலை அவர்களுடைய பையிலேயே வீட்டுக்கு வருகிறது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘உடனே விவரம் அனுப்பவும்’ என்ற ஒரு வரிக்கு ஐந்து நிமிட வேலைதான் இருக்கும். அது வரக்கூடும் என்று காத்திருப்பதில் அந்த மாலை முழுவதும் போய்விடுகிறது.

உடம்புக்கே அவிழ்க்கும் நேரம் இல்லாத வேலைகளும் நம் கண்ணெதிரே இருக்கின்றன. மதுரை விளக்குத்தூணைச் சுற்றியும் மாசி வீதிகளிலும் துணி எடுக்கப் போகிறோம். நாம் அமர்ந்து பார்க்கிறோம், எடுத்துக் காட்டுபவர் நின்றுகொண்டிருக்கிறார். வசந்தபாலன் 2010இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைத் திரையில் வைத்தது. சட்டம் இன்னும் பதினோரு ஆண்டு கழித்து வந்தது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்தால் கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியிருந்தது. அதையடுத்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே கிடைக்கும் எந்தச் சிறு வாய்ப்பிலும் உட்காரும்படி எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. மனநலம் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் உழைப்பவரின் மனநலத்துக்காக அண்மைக்காலத்தில் எழுதப்பட்ட நல்ல வாசகங்களில் ஒன்று என்று அதையே சொல்வேன். ‘உனக்குக் கால் வலித்தால் நீ உட்காரலாம், யாரையும் கேட்க வேண்டாம்’ என்று ஒரு பெண்ணிடம் சொல்வது முட்டிக்கு மட்டும் செய்யும் வைத்தியம் அல்ல. அவருடைய உடம்பின் மேல் அவருக்குள்ள பிடியைத் திருப்பிக் கொடுப்பது.

காவலர்களின் நிலை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021இல் அரசாணை வந்தது. கோரல் மில் தொழிலாளிக்குக் கிடைத்ததைப் பெறக் காவலர் 113 ஆண்டு காத்திருந்தார். ஆணை நடைமுறைக்கு வரவில்லை என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை வழக்குப் போனது. திருவிழா, தலைவர் வருகை, போராட்டம் என்று ஏதாவது ஒன்று வந்தால் ஓய்வு நாள் காற்றில் போகும். சித்திரைத் திருவிழாவும் கார்த்திகை தீபமும் நடக்கும் ஊரில் அது அடிக்கடி வரும். காவல் பணியின் இயல்பு அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நிமிடமும் ரத்தாகக்கூடிய ஓய்வை உடம்பு ஓய்வாக ஏற்பதில்லை. அழைப்புக்குத் தயாராக வீட்டில் இருப்பவர்களை ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள்; அழைப்புக்குரிய நாட்களை அடுத்த காலையில் அவர்களுடைய மனநிலை தாழ்ந்தும், அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் உயர்ந்தும் இருந்தன. ரத்தான ஓய்வுக்கு ஈடான நாள் எது என்று ஓய்வை ரத்துசெய்யும் ஆணையிலேயே எழுதித் தருவதும், ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவதும்தான் இதற்கு வழி.

நல்லெண்ணத்தோடு வரும் இன்னொரு மறுப்பு உண்டு. தியானம், யோகா, மூச்சுப்பயிற்சி நம் மரபிலேயே இருக்கும்போது, மனத்தைத் திடப்படுத்தினால் போதாதா என்பது அது. திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றிப் பௌர்ணமியில் நடப்பவர்களுக்கு அமைதி கிடைக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தனி மனிதர் தானாக விரும்பிச் செய்யும்போது இவை உதவுகின்றன என்பதற்கு ஆய்வுகளும் உண்டு. நிறுவனம் இவற்றையே தன் முழுக் கடமையாக ஆக்கிக்கொள்ளும்போதுதான் சிக்கல். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை வைத்து வில்லியம் பிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மனவுறுதிப் பயிற்சியிலும் மனநல செயலிகளிலும் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட மனநலத்தில் மேம்பட்டிருந்ததாகத் தெரியவில்லை. ஆள் பற்றாக்குறையுள்ள அலுவலகத்தில் சனிக்கிழமை பிற்பகல் கட்டாய யோகா வைத்தால், ஊழியரின் மிச்சமிருந்த அரை நாளும் போகிறது. அதிலும் பெரிய தீங்கு, ‘பயிற்சி கொடுத்தும் இவருக்குத் தாங்கவில்லையே’ என்று பழி ஊழியரின் மேல் விழுவது.

பொருளாதாரத்தின் பெயரால் வரும் மறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. 2023இல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, நாடு முன்னேற இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஏழை நாடு உழைத்துத்தான் எழ வேண்டும் என்பது உண்மை. ஆனால் மணிக்கணக்கைக் கூட்டினால் உழைப்பு கூடும் என்பது உண்மையா? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதயநோயிலும் மாண்டார்கள். 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுகிறது. நாட்டுக்காக உழைத்தவர் ஐம்பது வயதில் பக்கவாதத்தில் விழுந்தால் அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விடுகிறார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு பெண். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததும், மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்ததும் நமக்குத் தெரியும். அதை அரசியல் செய்தியாக மட்டும் படித்தோம். தமிழ்நாட்டின் ஆலைத் தொழிலாளர்களின் இதயத்தையும் தூக்கத்தையும் பற்றிய தீர்மானம் அது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் ஏர் அவிழ்க்கும் நேரம் முற்றிலும் இல்லாத பணியிடம் வீடுதான். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாலை ஆறு மணி என்பது ஒரு ஷிப்ட் முடிந்து மறு ஷிப்ட் தொடங்கும் நேரம். ஆண்களாகிய நாம் அலுவலகத்து அழுத்தத்தைப் பற்றி வீட்டில் பேசும்போது, காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் ஷிப்ட் எப்போது முடிகிறது என்று கேட்பதில்லை. மகளிர் உரிமைத் தொகை 2023இல் தொடங்கியபோது அந்த உழைப்பை உழைப்பு என்று அரசு ஏற்றது. நேரத்தை அரசு தர முடியாது. அதை வீட்டில் உள்ள ஆண்கள்தான் தர வேண்டும்.

மருத்துவர்கள் எழுப்பக்கூடிய ஓர் எச்சரிக்கையையும் மதிக்கிறேன். எல்லாவற்றுக்கும் வேலையே காரணம் என்று சொன்னால், உண்மையில் நோயுற்றவர் சிகிச்சைக்கு வராமல் போவார் என்பது அது. வேலை மாறினாலும் விடுமுறை கிடைத்தாலும் தீராத பதற்ற நோய் உண்டு. தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத பயம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது ஓய்வால் மட்டும் தீரும் களைப்பு அல்ல. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பொதுவான மனநலக் குறைகள் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்காமல் இருப்பதாகக் கண்டது. பேச்சுவழிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் இவை நன்றாகக் கட்டுப்படும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வேலையைச் சீர்திருத்துவதும் நோயாளிக்குச் சிகிச்சை தருவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. காசநோய்க்கு மருந்து கொடுக்கும் மருத்துவர்தான் காற்றோட்டமான வீடும் வேண்டும் என்கிறார்.

பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை மறுக்கும் உரிமையைச் சட்டத்தில் வைத்திருக்கின்றன. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வரட்டும். அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. இந்த அவையில் பள்ளித் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், அலுவலக மேலாளர்கள் இருக்கிறீர்கள், கடை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் உங்கள் குழுக்களில் எதையும் அனுப்புவதில்லை என்று இன்றே முடிவெடுக்க உங்களால் முடியும். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தீபாவளிக்கோ முகூர்த்தத்துக்கோ துணி எடுக்கப் போகும்போது, புடவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஓர் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டும் இடத்தில் 22-ஏ பிரிவைச் சொல்லி, ஏன் இல்லை என்று கேளுங்கள்.